மானம்பூ வில்

பள்ளிப் பிள்ளைகளின் வேட ஊர்வலம் தெருமுனையில் திரும்பியதுமே எல்லார் கண்ணும் அனுமார் மேல்தான் போகும். வாலும் உப்பிய கன்னமுமாகக் கண்ட திண்ணையில் எல்லாம் தாவி ஏறுகிறவனை விட்டுவிட்டு வேறு யாரைப் பார்ப்பார்கள்? அவன்மேல் எனக்குப் பொறாமை இல்லை. என் கண் மட்டும் வரிசையில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வருகிற ஒரு பையனின் இடது கைக்குப் போய்விடும். அந்தக் கையில் இருக்கிற வில்லுக்கு.

எலவனாசூர்கோட்டையில் அந்த வில்லை அதற்குரிய லட்சணத்தோடு நான் கடைசியாகப் பார்த்தது 1964 புரட்டாசியில். எங்கள் வாத்தியார் அப்போதே கிழவர். திண்ணைப் பள்ளிக்கூடத்தை மூடி வருஷங்கள் ஆகியிருந்தன. நாங்கள் எல்லாம் சர்க்கார் பள்ளியில் பெயர் பதிந்தவர்கள். ஆனாலும் நவராத்திரி பிறந்துவிட்டால் மானம்பூ ஊர்வலம் அவருடைய சொத்து. பத்து நாள் முன்னதாகவே மூங்கில் பிளக்க உட்கார்ந்துவிடுவார். கணு நடுவில் வரக் கூடாது. வந்தால் வில் வளையாது, ஒடியும். அரிக்கன் விளக்கின் சூட்டில் வாட்டி வாட்டி, முழங்காலில் வைத்து அமுக்கி, ஒரு ராத்திரி முழுக்கக் கயிறு கட்டிப் போட்டு வைப்பார். மறுநாள் பச்சையும் ரோஸும் மாறி மாறிக் காகிதம் சுற்றுவார். இரண்டு நுனியிலும் ஜிகினாக் குஞ்சம். நாணுக்குக் கற்றாழை நார். அம்பின் தலையில் காகிதக் கூம்பு, அதற்குள் செவ்வந்தி இதழ். அம்பு வில்லை விட்டு ஓடிவிடாமல் ஒரு நூல் பிடித்துக்கொண்டிருக்கும்.

வில்லின் உயிர் நாணில்தான். விறைப்பாகக் கட்டினால் ஆயுதமாகிவிடும். தொய்ந்தால் விளையாட்டுச் சாமான். நடுவில் ஒரு பதம் இருக்கிறது, பாகு காய்ச்சுகிறவர்களுக்குக் கை சொல்லுகிற மாதிரி. இரண்டு முழம் தள்ளி நிற்கிற வீட்டுக்காரர் தோளில் இதழ் விழ வேண்டும். முகத்தில் விழுந்தால் வாத்தியார் முறைப்பார். காலில் விழுந்தாலோ அதைவிடக் கோபம் வரும்: “அது சாமிக்குப் போடற பூடா.” தோளில் விழுந்தால் மாலை போட்ட கணக்கு. மாலை போட்ட பிறகு எந்த மனுஷர் மடியை அவிழ்க்காமல் இருப்பார்?

உ.வே.சா. ‘என் சரித்திர’த்தில் தம் காலத்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றி எழுதும்போது, நவராத்திரியில் பிள்ளைகள் கோலாட்டம் போட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போவதையும் அதனால் உபாத்தியாயருக்குக் கிடைக்கும் வரும்படியையும் சொல்லியிருப்பார். தெலுங்குச் சீமையில் இதே ஊர்வலத்துக்குத் தசரா பத்தியங்கள் உண்டு. வாத்தியாருக்கு வராகன், பிள்ளைகளுக்குப் பருப்பும் வெல்லமும் என்று கூச்சமே இல்லாமல் கணக்குச் சொல்லிக் கேட்கிற பாட்டு. அங்கேதான் வில் கொடிகட்டிப் பறந்தது. வண்ணக் காகிதம் ஒட்டிய வில்லில் பூவையும் வாசனைப் பொடியையும் வைத்து வீட்டுக்காரர்மேல் எய்வார்கள். இதை வைத்துக்கொண்டு உளுந்தூர்பேட்டை நண்பர் ஒருவர் என்னை விடாமல் சீண்டுவார்: “உம்ம வில்லு இந்த மண்ணுது இல்லைய்யா. ரெட்டியார் வீட்டோட வந்தது. நம்மளுது கோலாட்டக் கோலு.”

வந்தால் வந்துவிட்டுப் போகட்டுமே. நாயக்கர் காலத்தோடு நமக்கு வந்து சேர்ந்தது எத்தனையோ. மானம்பூவே அப்படி வளர்ந்ததுதானே? ராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் மகர்நோன்பு என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் மானம்பூ என்ற பெயரே நிலைத்து, கோயில் வாசலில் வாழை வெட்டுகிறார்கள். நம் கோயில்களில் சாமி புறப்பட்டு வந்து வன்னி மரத்தின்மேல் அம்பு போடுகிறது. எல்லாம் ஒரு கொடியில் காய்த்த காய்கள். ஆனால் பிள்ளைகள் கையில் வில் எப்படி வந்தது என்று கேட்டால், நான் ஹம்பிக்குத்தான் கூட்டிக்கொண்டு போவேன்.

ஹசார ராமர் கோயிலில் மதிலின் வெளிப்புறத்தைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். கீழ் வரிசையில் யானை, அதன்மேல் குதிரை, அதற்கும் மேலே படைவீரர், பிறகு ஆடுகிற பெண்கள். மகாநவமி ஊர்வலமே கல்லாகிவிட்டது என்று சொல்லுவார்கள். எனக்கும் அதில் மறுப்பில்லை. முன்பகல் வெயிலில் அந்த யானை வரிசையோடு நடந்தால் நாமே ஊர்வலத்தில் போகிற மாதிரி இருக்கும். ஆனால் அவ்வளவு பெரிய கூட்டத்தில் தேடித் தேடிப் பார்த்தும் என் கண்ணுக்கு ஒரு பள்ளிப் பிள்ளை அகப்படவில்லை. உள்ளே போனேன். மண்டபச் சுவரில் ராமாயணம் வரிவரியாக ஓடுகிறது. அங்கே இருந்தான் நான் தேடியவன். ஒருவன் அல்ல, இரண்டு பேர்.

விசுவாமித்திரர் முன்னே, வில்லோடு இரண்டு பிள்ளைகள் பின்னே. நம் கலையில் மாணவர் ஊர்வலத்துக்கு மூலப்படம் இதுதான் என்பது என் கட்சி. வாத்தியார் முன்னால் போக, பிள்ளைகள் பின்னால் போக, வழியிலேயே பாடமும் நடக்கிறது. பலை, அதிபலை என்ற இரண்டு மந்திரத்தையும் ராமன் கற்றது பள்ளியில் உட்கார்ந்து அல்ல, ஆற்றங்கரையோரம் நடந்து போகிற வழியில். அரண்மனைப் பிள்ளைகளை ரிஷி கேட்டுக் கூட்டிப் போவதும், கிழ வாத்தியார் எங்களை அம்மாக்களிடம் கேட்டுக் கூட்டிப் போனதும் ஒரே காட்சி. இதைப் பார்த்த பிறகு மானம்பூ வில் எந்தச் சீமையிலிருந்து வந்தது என்ற கேள்வியை நான் மூட்டை கட்டிவிட்டேன். நண்பர் கட்டவில்லை.

அந்தக் காட்சியில் சிற்பிக்கு ஒரு தொந்தரவு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள். ஆனால் பிள்ளைகளாகக் காட்டினால் ராமன் என்று தெரியாது. ஆகவே கிரீடத்தை வைத்துவிடுகிறார்கள். காட்டு வழியில் நடக்கிறவனுக்கு எதற்குக் கிரீடம்? ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தில், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாலகாண்டச் சுவரிலும் இப்படித்தான். ஓவியனுக்கு ராமன் பிறந்ததிலிருந்தே ராமன். பிள்ளை அரசனாக வேடம் போட்டிருக்கிறானா, அரசன் பிள்ளையாக வேடம் போட்டிருக்கிறானா என்று தெரியாத அந்தக் குழப்பத்தில்தான் எனக்கு ருசி. கிரீடமும் நகையும் அரசனுடையவை. உயரம் மட்டும் ரிஷியின் இடுப்போ மார்போ அளவு. வில் அந்தப் பிள்ளைக்குச் சற்றுப் பெரிது. பெரிதாகத்தான் இருக்க வேண்டும். கற்றுக்கொள்ளப் போகிறவன் கையில் இருக்கிற சாமான் அவனைவிட ஒரு பிடி உயரமாக இருப்பது அழகு. எங்கள் வாத்தியாரும் வில்லைப் பையனின் தோள் உயரத்துக்குமேல் ஒரு சாண் விட்டுத்தான் வெட்டினார். ஏன் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

தமிழ்ப் படிப்பாளிகளுக்கு லெய்டன் என்றால் ஆனைமங்கலம்தான், சோழர் செப்பேடுதான். எனக்கு அந்த ஊர் வேறொரு காரணத்துக்காகவும் நெருக்கம். 1575 பிப்ரவரி 8ஆம் தேதி அங்கே பல்கலைக்கழகத்தைத் தொடங்கியபோது ஒரு வேட ஊர்வலம் விட்டார்கள். முற்றுகையில் பட்டினி கிடந்த ஊர் அதிலிருந்து மீண்டு சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்த ஊர்வலத்தைச் செதுக்குச் சித்திரமாக அச்சிட்டும் வைத்தார்கள். வேதாகமம் ஒரு பெண்ணுருவாகத் தேரில் வருகிறது. நீதி, மருத்துவம், மினர்வா என்று ஒவ்வொரு கலையும் பெண் வேடத்தில். நீதியைச் சுற்றி ரோமாபுரிச் சட்ட மேதைகள், மருத்துவத்தைச் சுற்றி ஹிப்போகிரட்டீசும் கேலனும், மினர்வாவோடு பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும். ராப்பன்பர்க் கால்வாயில் அப்பல்லோவும் ஒன்பது கலைத் தேவியரும் படகில் காத்திருக்கிறார்கள். பிற்பாடு 19ஆம் நூற்றாண்டில் அவ்வூர் மாணவர்களே ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பழைய சரித்திர வேடம் கட்டித் தெருவில் போனார்கள். அவையும் கல்லச்சுப் படங்களாக இருக்கின்றன.

பார்க்கப் பார்க்க அலுக்காத படம்தான். புத்தகக் கண்காட்சியில் ஒரு பெரியவர், “இதைப் பார்த்துட்டு உங்க மானம்பூவைப் பாருங்க, பிச்சை எடுக்கிற மாதிரி இல்லே?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து யோசித்தால் அவர் சொன்னதில் பாதி சரி. லெய்டனில் கல்வி தேரில் வருகிறது. நம் தெருவில் கல்வி வாத்தியாருடைய வயிறாக நடந்து வருகிறது. அங்கே ஒவ்வொரு உருவமும் இன்னது என்று பொருள் எழுதி வைத்த அகராதி மாதிரி; தராசைக் கண்டால் நீதி, கேடயத்தைக் கண்டால் மினர்வா, அத்தோடு நம் வேலை முடிந்தது. இங்கே வில்லைப் பார்த்தால் ராமன், மன்மதன், வன்னி மரத்தில் ஒளித்த காண்டீபம் என்று மூன்றும் ஒரே சமயத்தில் எட்டிப் பார்க்கும். பூவை எய்தால் மன்மதன் என்று அத்தை பெண்கள் சிரிப்பார்கள். பெரியவர்கள் ராமா என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். வாத்தியார் கணக்கிலோ அது ஆயுத பூஜை. ஏடும் ஆயுதமும் ஒரே மணையில் படுத்து, ஒரே நாளில் எழுந்திருக்கிற பண்டிகைக்கு அதைவிடப் பொருத்தமான சாமான் உண்டா? படிக்கக் கூடாது என்று பெரியவர்களே சொல்லுகிற நாள் வருஷத்தில் அந்த ஒன்றுதான். அந்த விடுதலையும் வில்லில் ஏறிக்கொள்ளும்.

கொரியாவில் ஜோசன் காலத்து வாழ்க்கைச் சித்திரத் திரைகளில் தேர்வில் வென்றவன் தொப்பியில் நீளக் காகிதப் பூவைச் செருகிக்கொண்டு குதிரையில் போவான், முன்னால் வாத்தியக்காரர்கள் ஆடிக்கொண்டு. அரசன் கொடுத்த பூ, மூன்று நாள் ஊர்வலம். அங்கேயும் காகிதம்தான். அந்தப் பூ வளைந்து முன்னால் தொங்குகிற அழகுக்காகவே அந்தப் படங்களைப் பார்க்கலாம்.

நம் பக்கத்தில் பிள்ளைகள் படித்ததற்குச் சாசனம் உண்டு, படம் இல்லை. விழுப்புரம் தாண்டி எண்ணாயிரத்தில் முதலாம் ராசேந்திரன் காலத்துக் கல்லூரியில் 340 மாணவர், 14 ஆசிரியர். யார் எந்த வேதம், இலக்கணம் எத்தனை பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு நெல் என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அந்த 340 பேரும் ஒரு திருநாளில் தெருவில் இறங்கினால் எப்படி இருந்திருக்கும்? கணக்குப்பிள்ளைக்கு நெல் முக்கியம், அவனைக் குறை சொல்லிப் பயனில்லை.

ரசிகர்களில் என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் கூத்துப் பிரியர்கள். எங்கள் வட்டாரத்தில் அவர்களை எதிர்த்துப் பேசுவதற்கே துணிச்சல் வேண்டும். முகவீணைச் சத்தம் கேட்டால் நானும் எழுந்து போகிறவன்தான். கட்டை கட்டி, முகம் எழுதி, திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் ஒரு காலைத் தூக்கி வைக்கும்போது உள்ளே இருக்கிற மனுஷன், அவன் கடன், அவன் பெண்ஜாதி ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை. அந்தக் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் மரத்தில் கொத்திக் கண்ணாடிச் சில் பதிக்கிற கை வேலை ஒரு தனி உலகம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் பக்கத்து மரவேலைக் கைகளை அறிந்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் “பசங்க வேஷம் ஒரு வேஷமா” என்று அவர்கள் தொடங்கும்போது நான் ஒத்துக்கொள்வதில்லை. ராமன் வேடத்துக்குள் மளிகைக் கடைக்காரர் மகன் பளிச்சென்று தெரிய வேண்டும். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் நாண் ஏற்ற வேண்டும். கிரீடம் காதுமேல் சரியும். சரிந்ததைத் தூக்கி வைத்துக்கொண்டு அவன் திரும்பவும் ராமனாக நிமிர்கிற அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் திண்ணையில் காத்திருக்கிறேன். கூத்தில் அப்படி நடந்தால் அது கோளாறு.

வேடச் சாமான் எல்லாருக்கும் போதாது என்பதும் ஒரு காரணம். ஒருவனுக்கு முகப்பூச்சு மட்டும் கிடைக்கும், ஒருவனுக்கு அம்மாவின் ஒட்டியாணம் மட்டும். இடுப்புக்குமேல் லட்சுமணன், கீழே பள்ளிக்கூடத்துக் காக்கி நிக்கர். வெளியூர் உறவினர் ஒருவர் கேலி செய்தபோது என் பாட்டி சொன்னாள்: “எங்க ஊரு சாமிக்கே பாதிப் பாதிதான்.” அர்த்தநாரீஸ்வரர் ஊரில் வேறு எப்படிப் பேசுவாள்?

அந்த வில் எனக்கு ஒரே ஒரு தெருவுக்குக் கிடைத்தது. எண்சுவடியைத் தலைகீழாக ஒப்பிக்கிறவனுக்குத்தான் வில் என்பது வாத்தியார் வகுத்த சட்டம். நான் பின்வரிசைக் கோலாட்டக்காரன். உரிமைக்காரனுக்குக் காய்ச்சல் கண்ட ஒரு சாயங்காலம், கடைத்தெரு முழுக்கச் சுற்றிய பிறகு அவன் உட்கார்ந்துவிட்டான். வாத்தியார் சுற்றிலும் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார். கொடுத்தவர், “எய்யாதே. பிடிச்சிட்டு மட்டும் வா” என்றார். ஏழு வீடு. கடைசி வீட்டில் ராவுத்தர் ஒருவர், எங்கள் பாட்டை வருஷம் தவறாமல் கேட்கிறவர், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “என்னா தம்பி, அம்பு இல்லியா?” என்று கேட்டுவிட்டார். விட்டுவிட்டேன். இதழ் தோளுக்கு எட்டவில்லை, மடியில் விழுந்தது. அவர் அதை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு முழு ரூபாயாகக் கொடுத்தார். வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. மறு வருஷம் வில் என் கைக்கு வரவும் இல்லை.

இப்போது ஊர்வலத்துக்குப் பஞ்சமே இல்லை. சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, ஆண்டு விழா என்று மாதத்துக்கு ஒன்று போகிறது. ரப்பர் மொட்டைத் தொப்பி மாட்டிய ஏழெட்டுக் காந்திகள், ஒட்டு மீசைப் பாரதிகள், தெர்மாகோல் கிரீடம் வைத்த பாரத மாதாக்கள். சாமான் எல்லாம் வாடகைக் கடையிலிருந்து பாலிதீன் உறையில் வருகிறது. அளவு எடுத்துக் கொடுக்கிறார்கள், ஆகவே எதுவும் சரிவதில்லை. மார்புக்குக் குறுக்கே பட்டை கட்டி ‘நான் ஜான்சி ராணி’ என்று எழுதியும் விடுகிறார்கள். எழுதிவிட்டால் பார்க்கிறவனுக்கு என்ன வேலை மிச்சம்? (ராமலிங்க விலாசத்துச் சுவரிலும் படத்துக்குக் கீழே தமிழில் எழுதித்தான் இருக்கிறது என்று உளுந்தூர்பேட்டைக்காரர் உடனே சொல்லுவார். எழுதியிருக்கிறது. அங்கே படம் எழுத்தைத் தாங்குகிறது என்று சமாளித்து வைத்திருக்கிறேன்; பதில் அவ்வளவு பலமில்லை என்று எனக்கே தெரியும்.)

என் பெரிய குறை இதெல்லாம் இல்லை. ஊர்வலம் யார் வீட்டு வாசலிலும் நிற்பதில்லை. பெருஞ்சாலை ஓரமாக, கயிறு பிடித்த பிள்ளைகளை அவசர அவசரமாக ஓட்டிக்கொண்டு போய், மைதானத்தில் நிறுத்தி, செல்பேசியில் படம் எடுத்து, வேனில் ஏற்றிவிடுகிறார்கள். இரண்டு முழத் தூரத்தில் தோள் காட்டி நிற்கிற வீட்டுக்காரர் இல்லாவிட்டால் வில் எதற்கு? அதனால்தானோ என்னவோ வில்லும் மாறிவிட்டது. நீல நிறத்தில் பிளாஸ்டிக் வில். அம்பின் முனையில் ரப்பர் கிண்ணம். கண்ணாடியில் அடித்தால் பச்சென்று ஒட்டிக்கொள்ளும். விறைத்த நாண். தூரமாகப் போகிறது, குறி தப்பாமல் போகிறது.

போன வருஷம் எதிர்வீட்டுப் பேரனுக்கு ராமன் வேடம் என்று கேள்விப்பட்டதும் மூங்கில் தேடிப் போனேன். எழுபது தாண்டிய முழங்காலில் வைத்து வில் வளைப்பது சுலபமில்லை. இரண்டு ஒடிந்து மூன்றாவதுதான் தேறியது. அரிக்கன் விளக்குக்குக் கேஸ் அடுப்பு. கற்றாழை நாரும் அம்பைப் பிடிக்க ஒரு நூலும் கிடைத்தன. ஜிகினாக் காகிதம் கள்ளக்குறிச்சியில் வாங்கினேன். தோளுக்குமேல் ஒரு சாண்.

பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “தாத்தா, இது எதுல ஒட்டும்?”

“ஒட்டாதுடா. பூ விழும்.”

பள்ளிக்கூட ஊர்வலத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. எல்லா ராமனுக்கும் ஒரே மாதிரி நீல வில் என்று ஏற்பாடாம். சாயங்காலம் வேடம் கலைக்காமலே அவன் என் வில்லைத் தூக்கிக்கொண்டு கூட்ரோட்டுப் பக்கம் போனான். பின்னாலேயே போய்க் கொஞ்சம் தள்ளி நின்றேன். திருக்கோவிலூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் இரண்டு பேர் ஒதுங்கிக்கொண்டார்கள். இஸ்திரி வண்டிக்காரர் ஒதுங்கவில்லை. செவ்வந்தி அவர் தோளில், சரியாகத் தோளில் விழுந்தது. அவர் சட்டைப் பையைத் துழாவி ஐந்து ரூபாய் எடுத்துக் கொடுத்தார்.

அரை மணி கழித்து வீட்டுக்கு வந்தவன் வாயெல்லாம் ஆரஞ்சு நிறம், கையில் ஐஸ் குச்சி. பருப்பு வெல்லத்தின் பங்கு சேர்ந்துவிட்டது. வராகன் பங்கு இன்னும் எனக்கு வரவில்லை.